யாருடைய இலக்கணத்தில் உண்மை?

மைனஸ் ஒன்று, ஒன்றைவிடச் சிறியதா? பள்ளிக்கூடம் போகும் எந்தப் பிள்ளையும் ஆம் என்று சொல்லும். சில இடங்களில் இல்லை என்று சொல்லவேண்டியது என் தொழில். அந்த இடங்களில் அதுதான் உண்மை.

பல வருடங்களாக டீபக்கர் என்னும் கருவியோடு வேலை செய்கிறேன். ஒரு நிரல் பிழையாக நடக்கும்போது அதை நடுவழியில் நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க உதவும் கருவி அது. நிறுத்திவைத்த நிரலிடம் நீங்கள் கேள்வி கேட்கலாம். இந்த மாறியின் பெறுமதி என்ன? இதையும் அதையும் கூட்டினால் என்ன வரும்? இது அதைவிடச் சிறியதா? இப்படிக் கேட்பதைக் கணிதத்தில் போலவே கோவை என்கிறோம். கோவையை வாங்கி, நிரலின் நினைவகத்தைப் பார்த்துக் கணக்கிட்டு விடை சொல்லும் பகுதியைக் கோவைக் கணிப்பான் என்று வைத்துக்கொள்வோம்.

வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு சின்னக் கால்குலேட்டர். எழுத உட்கார்ந்தால்தான் ஒரு பழைய கேள்வி வழியை மறிக்கிறது. இன்னொருவரைப் பற்றிய உண்மையை யாருடைய விதிகளின்படி சொல்வது? கேட்பவருடைய விதிகளின்படியா, கேட்கப்படுபவருடைய விதிகளின்படியா?

மைனஸ் ஒன்றுக்கே வருவோம். சி மொழியில் எண்களுக்கு வகை உண்டு. ஒரு வகை எதிர்மறை எண்களையும் ஏற்கும். இன்னொரு வகை பூச்சியமும் அதற்கு மேற்பட்டதும் மட்டுமே ஏற்கும். இந்த இரண்டையும் ஒப்பிடச் சொன்னால், சி மொழியின் விதி முதல் எண்ணை இரண்டாவது வகைக்கு மாற்றிவிடுகிறது. 32 பிட் எண்ணில் மைனஸ் ஒன்று அப்படி மாறினால் 4294967295 ஆகிவிடும். அது ஒன்றைவிடப் பெரியது. ஆகவே 'மைனஸ் ஒன்று, ஒன்றைவிடச் சிறியதா' என்ற கேள்விக்குச் சி மொழி இல்லை என்கிறது. பைத்தான் ஆம் என்கிறது. அடா மொழியும் ரஸ்ட் மொழியும் இரண்டும் வெவ்வேறு வகை, ஒப்பிடவே மாட்டோம் என்று நிரலைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

நல்ல மனம் படைத்த ஒருவர் கேட்பார்: சி மொழியின் விதி பைத்தியக்காரத்தனமாக இருக்கிறதே, டீபக்கராவது சரியான பதிலைச் சொல்லக்கூடாதா? கூடாது. நிரல் தவறான பாதையில் போனதற்குக் காரணமே அந்த ஒப்பீடாக இருக்கலாம். நிரல் இல்லை என்று எடுத்துக்கொண்ட இடத்தில் டீபக்கர் ஆம் என்று சொன்னால், பிழையைத் தேடுபவர் அந்த வரியைச் சந்தேகப்படாமல் கடந்துபோய்விடுவார். கணிதப்படி சரியான அந்த விடை, நிரலைப் பற்றிய பொய்ச்சாட்சி. ஸ்கேன் இயந்திரம் நோயாளிமேல் இரக்கப்பட்டுக் கட்டியை அழித்துவிட்டுப் படம் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி.

இது ஒரு மொழியின் விநோதம் மட்டுமில்லை. ஏழை இரண்டால் வகுத்தால் சி மொழியில் மூன்று, ஏனென்றால் முழு எண்களை வகுத்தால் முழு எண்தான் வரவேண்டும் என்பது அதன் விதி. அதே குறியைப் பாஸ்கலில் போட்டால் மூன்றரை. முழு எண் வகுத்தலுக்குப் பாஸ்கலில் தனிச் சொல் இருக்கிறது. ஒரு வரிசையின் முதல் உறுப்பு சி மொழியில் பூச்சியமாவது. போர்ட்ரானில், வேறுவிதமாகச் சொல்லாதவரை, ஒன்றாவது. இரண்டு பரிமாண அட்டவணையைச் சி மொழி நினைவகத்தில் நிரை நிரையாக அடுக்கும், போர்ட்ரான் நிரல் நிரலாக அடுக்கும். ஆகவே கணிப்பான் இரண்டு எண்களைக் கூட்டுவதற்கு முன்னால்கூட 'நாம் இப்போது எந்த மொழியில் இருக்கிறோம்' என்று தன்னையே கேட்கவேண்டியிருக்கிறது. 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதத் தொடங்கி இன்றுவரை உலகெங்கும் புழங்கும் ஜிடிபி என்ற டீபக்கரின் நிரலைத் திறந்து பார்த்தால், எண்களை ஒரே வகைக்குக் கொண்டுவரும் இடத்தில் இந்தக் கேள்வி வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும்.

மொழியைத் தவறாக எடுத்துக்கொண்டால் விடை மட்டும் பிழைப்பதில்லை. 'அ = ஆ + இ' என்று கேட்கிறோம் என்று வையுங்கள். மாடுலா-2 மொழியில் இது ஒரு கேள்வி: அ என்பது மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சமமா? சி மொழியில் இது ஒரு கட்டளை: கூட்டுத்தொகையை எடுத்து அவில் போடு. ஜிடிபியின் கையேடே இந்த உதாரணத்தைக் காட்டி எச்சரிக்கிறது. விசாரிக்கத்தான் வந்தோம். ஆனால் மொழி மாறிப்போனதால், விசாரிக்கப்பட்டவரின் நினைவையே மாற்றி எழுதிவிட்டோம். அதன்பிறகு எத்தனை முறை கேட்டாலும் நாம் போட்ட பதில்தான் திரும்பி வரும். விசாரணை அறையில் இருந்து எழுந்து வந்த யாருக்கும் இது விளக்கவேண்டிய விஷயமில்லை.

ஒரே நிரலுக்குள் ஒரே மொழி இருந்தால் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். இன்றைய நிரல்கள் அப்படி இல்லை. ஒரு விஞ்ஞானி பைத்தானில் உட்கார்ந்து ஒரு சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கச் சொல்கிறார். அவர் பயன்படுத்தும் பைத்தான் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. அது கீழே கூப்பிடுவது, பல வேளைகளில், 1992இல் வெளியான லாபேக் என்ற நூலகத்தின் வழிவந்த போர்ட்ரான் நிரலை. ஓர் அழைப்புக்குள் இன்னோர் அழைப்பு, படிக்கட்டுப் போல. ஒவ்வொரு படியிலும் மொழி வேறு. மேல்படியில் பூச்சியத்தில் தொடங்கும் எண்ணிக்கை கீழ்ப்படியில் ஒன்றில் தொடங்குகிறது. ஜிடிபி இயல்பாகவே படி மாறும்போது மொழியையும் மாற்றிக்கொள்ளும். இல்லை, நான் என் மொழியிலேயே எல்லாப் படியையும் பார்ப்பேன் என்று நீங்கள் பிடிவாதமாக ஒரு மொழியை நிலைநிறுத்தலாம். அது தடுக்காது. ஆனால் ஒரு வரி சொல்லும்: எச்சரிக்கை, இப்போது தெரிவாகியுள்ள மொழி இந்தப் படிக்குப் பொருந்தவில்லை.

இந்த ஒரு வரியில் நான் பல தத்துவப் புத்தகங்களில் தேடியது இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

வகை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். இயங்கும் நிரலின் நினைவகத்தில் வகை என்று பெரும்பாலும் எதுவும் இல்லை. அங்கே இருப்பவை வெறும் பிட்கள். அதே 32 பிட்கள் ஒரு முழு எண்ணாக இருக்கலாம், ஒரு தசம எண்ணாக இருக்கலாம், நான்கு எழுத்துகளாக இருக்கலாம். இது இன்ன வகை, இன்ன மொழியில் எழுதப்பட்டது என்ற குறிப்பைக் கம்பைலர் தனியாக எழுதி வைத்துவிட்டுப் போனால்தான் டீபக்கரால் படிக்க முடியும். டுவார்ஃப் என்று அந்தக் குறிப்பு முறைக்குப் பெயர். அதன் ஐந்தாம் பதிப்பு 2017இல் வந்தது. கோப்பின் அளவைக் குறைப்பதற்காகக் குறிப்பை நீக்கிவிட்டால் நிரல் முன்போலவே ஓடும். எண்கள் எல்லாம் இருக்கும், அவை என்னவென்று சொல்லத்தான் ஆள் இருக்காது.

பிட்களை அவற்றுக்கு உரியதல்லாத வகையில் படித்தால் என்ன விலை கொடுக்கவேண்டி வரும் என்பதற்குப் பெயர்பெற்ற சம்பவம் ஒன்று உண்டு. 1996 ஜூன் 4ஆம் திகதி பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பியது. ஏரியான் 4இலிருந்து எடுத்துக்கொண்ட அடா மொழி நிரல் ஒன்று, 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றப் பார்த்தது. புதிய ராக்கெட்டின் வேகத்துக்கு அந்த எண் 32767ஐத் தாண்டிவிட்டது. அடா தன் இலக்கணப்படி நடந்தது, இது அடங்காது என்று கூச்சலிட்டது. கூச்சலைக் கேட்டு என்ன செய்வது என்று அந்த இடத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. திசைகாட்டும் கணினி நின்றுபோனது. அதற்குப் பதிலாக வைத்திருந்த இரண்டாவது கணினியும் அதே நிரலை ஓடியதால் அதற்குச் சற்று முன்னரே நின்றிருந்தது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு உறுத்துவது அதற்கு அடுத்த கணம். நின்றுபோன கணினி தன் கோளாறைப் பற்றிய குறிப்பு ஒன்றைப் பிட்களாக அனுப்பியது. ராக்கெட்டைச் செலுத்திய பிரதான கணினி அதைப் பறப்புத் தகவல் என்று படித்தது. எனக்கு முடியவில்லை என்ற முறையீடு, நாம் திசை தவறிவிட்டோம் என்ற அளவீடாக வாசிக்கப்பட்டது. இல்லாத விலகலைச் சரிசெய்ய ராக்கெட் திரும்பியது, கிளம்பிச் சுமார் 40 விநாடிகளில் சிதறியது.

முறையீட்டை அளவீடாகப் படிக்கும் இடங்கள் வேறும் உண்டு. அழைப்பு வரும் நாட்களில் நான் அகதி விசாரணைகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் போவதுண்டு. ஒன்றைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் காணாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். படிவத்தில் சகோதரர் எண்ணிக்கை என்ற இடத்தில் ஒன்று என்று இருந்தது. யாரோ நிரப்பிக் கொடுத்தது. விசாரணையில், அந்த இரவு உங்களோடு யார் இருந்தார்கள் என்று கேட்டார்கள். "அண்ணாமார் மூண்டு பேரும் இருந்தவை" என்றார். அதிகாரி பேனாவை வைத்துவிட்டுப் படிவத்தைப் புரட்டினார். சகோதரர் ஒன்றா, மூன்றா? எது பொய்?

எதுவும் பொய் இல்லை. பெரியப்பாவின் மகன்மாரும் எங்களுக்கு அண்ணாமார்தான். வீட்டில் அவர்களுக்கு வேறு பெயர் கிடையாது. வேண்டுமென்றால் ஒன்றுவிட்ட அண்ணா என்று யாராவது வெளியாருக்கு விளக்கலாம், கூப்பிடும்போது யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. மாமாவின் மகனோ மச்சான். அவரை அண்ணா என்று இவர் சொல்லியிருக்கவே மாட்டார். அதிகாரியின் மொழியில் இந்தப் பெரியப்பா மகனும் மாமா மகனும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள், கூடப்பிறந்தவர் மட்டும் தனி வகை. எங்கள் மொழியில் கோடு வேறிடத்தில் விழுகிறது. 'உனக்கு எத்தனை சகோதரர்' என்ற கோவைக்கு ஒரு மொழியில் விடை ஒன்று, இன்னொன்றில் மூன்று. இரண்டும் அதன் அதன் இலக்கணத்தில் சரியான கணக்கு.

மொழிபெயர்ப்பவர் சாட்சியாக மாறக்கூடாது என்பது அந்தத் தொழிலின் ஒழுக்கம். நான் அவருக்காக வாதாட முடியாது. மூன்றை ஒன்றாக மெதுவாக மாற்றிச் சொல்லி அவரைக் காப்பாற்றவும் முடியாது. அது டீபக்கர் மைனஸ் ஒன்றைச் சிறியதாகக் காட்டுவது போன்ற உதவி. அடுத்த கேள்வியிலேயே பிடிபடும், பிடிபடாவிட்டாலும் பொய். என்னால் முடிந்தது ஒன்றுதான். அனுமதி கேட்டு, இந்தச் சொல் இரண்டு மொழிகளிலும் ஒரே எல்லையைக் குறிக்கவில்லை என்று அறிவித்தேன். ஜிடிபி சொல்லும் அந்த ஒரு வரியைத்தான் சொன்னேன். அதிகாரி சற்று யோசித்து, ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்டார். ஒருவர் என்று பதில் வந்தது. எழுதிக்கொண்டார். முடிவு என்னவானது என்று மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்வதில்லை.

டீபக்கர் எழுதுபவர்களிடையே இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஜிடிபி ஒவ்வொரு மொழியின் விதிகளையும் படித்துத் தானே பேசப் பழகிக்கொண்டது. நன்றாகவே பேசும். ஆனால் சி++ போன்ற பெரிய மொழியின் மூலைமுடுக்கெல்லாம் வெளியாளுக்குக் கைவருவது கடினம். எல்எல்டிபி என்ற டீபக்கர் வேறு வழியை எடுத்தது. சி குடும்பத்து மொழிகளுக்குக் கிளாங் என்ற கம்பைலரையே உள்ளே உட்காரவைத்து, கேள்வியை அதனிடம் கொடுக்கிறது. அந்த மொழியிலேயே வளர்ந்தவரைக் கூப்பிட்டுக் கேட்பது போல. எதை எடுத்தாலும் செலவு உண்டு. இரண்டுக்கும் பொதுவான ஒரு நேர்மையை நான் மதிக்கிறேன். வேகத்துக்காகக் கம்பைலர் ஒரு மாறியையே நீக்கிவிட்டிருந்தால், அதன் பெறுமதியைக் கேட்கும்போது இரண்டுமே 'இங்கே இல்லை, நீக்கப்பட்டுவிட்டது' என்ற பொருளில் பதில் தரும். பக்கத்தில் கிடக்கும் ஏதோ ஓர் எண்ணைத் தூக்கிக் கொடுப்பதில்லை.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் சும்மா விடவில்லை. "அப்ப ஒவ்வொருத்தரையும் அவரவர் விதிப்படிதான் பார்க்கோணும் எண்டு சொல்லுறீங்கள். சாதி பார்க்கிற ஊரையும் அப்படித்தான் பார்க்கிறதோ? அவையின்ர இலக்கணத்தில அது சரிதானே?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் இல்லாவிட்டால் நான் இதுவரை சொன்னதெல்லாம் வெறும் சமாளிப்பு.

யோசித்துப் பார்த்தால், சாதிதான் என் பக்கத்துக்கு மிகவும் வலுவான உதாரணம். இலங்கையில் சாதியைக் காரணம் காட்டிப் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் வந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் உள்ளே போவதற்காகப் போராடவேண்டி இருந்தது. இந்த இரண்டு வருடங்களுக்கு இடையே ஒருவர் வந்து 'இவருக்கு உள்ளே போக முடியுமா' என்று கேட்டிருந்தால் என்ன விடை? சட்டத்தின் மொழியில் கணித்தால் முடியும். அந்த வாசலில் உண்மையில் ஓடிக்கொண்டிருந்த விதியில் கணித்தால் முடியாது. நல்ல இலக்கணத்தில் கணித்தவர் அநியாயம் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். அந்த ஊரின் கெட்ட இலக்கணத்தை அப்படியே ஓடவிட்டுப் பார்த்தவருக்குத்தான் தடுக்கப்பட்டவர் கண்ணில் பட்டிருப்பார்.

ஆகவே இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்ளவேண்டும் என்று நினைக்கிறேன். என்ன நடக்கிறது என்று சொல்வது ஒன்று. நடப்பது சரியா என்று சொல்வது இன்னொன்று. முதலாவதற்கு உள்ளே இருக்கும் விதிகள்தான் வேண்டும், அவை எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும். இரண்டாவதற்கு அவை போதாது. சி மொழியின் விதிப்படி இல்லை என்ற விடை சரி என்பதால் நிரல் சரியாகிவிடுவதில்லை. நிரலை எழுதியவர் எதை விரும்பினார், அதை நம்பியிருப்பவருக்கு என்ன தேவை என்ற வெளி அளவுகோல் அங்கே வருகிறது. வரவேண்டும். டீபக்கர் தீர்ப்புச் சொல்வதில்லை, தீர்ப்புச் சொல்பவருக்குக் கலப்படமில்லாத சாட்சியம் தருகிறது. ஊரின் விதியைப் புரிந்துகொள்வதை ஊரை மன்னிப்பதாக நினைப்பவரும், கண்டிப்பதற்காகப் புரிந்துகொள்ள மறுப்பவரும் இந்த இரண்டு வேலையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இது எங்கள் வீடுகளுக்குள் வராத விஷயமில்லை. இங்கே பிறந்த மகள் அம்மாவிடம் கேட்கிறாள், நீங்கள் அப்பாவைக் காதலித்தா கலியாணம் செய்தீர்கள் என்று. அம்மா, "அவர் நல்ல மனுசன், எங்களை வடிவாப் பார்த்தவர்" என்கிறார். மகளின் மொழியில் அது இல்லை என்ற விடை. அம்மாவின் மொழியில் அது எதற்கு விடை என்று முதலில் தெரியவேண்டும். தெரிந்த பிறகு, அந்த ஏற்பாட்டில் அம்மாவிடம் யாருமே சம்மதம் கேட்கவில்லை என்று மகள் கோபப்படலாம். அந்தக் கோபத்துக்கு அவளுக்கு உரிமை உண்டு. அப்போது அது உண்மையில் நடந்த ஒன்றைப் பற்றிய கோபமாக இருக்கும்.

மறுபக்கமும் இருக்கிறது. மகன் தன் மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு அப்பா முகம் சுளிக்கிறார். அந்த வேலையிடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் மரியாதை, ஐயா போட்டால் ஏதோ கோபம் என்று நினைப்பார்கள். அப்பா தன் படியில் நின்று மகனின் படியைக் கணிக்கிறார். எண்கள் எல்லாம் சரியாகத்தான் தெரிகின்றன. விடைதான் வேறு யாருடையதோ.

டீபக்கருக்கு ஒரு வசதி உண்டு. எந்தப் படியில் எந்த மொழி என்று கம்பைலர் எழுதி வைத்திருக்கிறது, படி மாறும்போது அது தானாக மாற்றிக்கொள்கிறது. மனிதருக்கு அப்படி யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரே சாப்பாட்டு மேசையில் மூன்று படிகளில் மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கும். எல்லோருடைய மொழியையும் எல்லா நேரமும் ஒருவர் கற்றிருக்க முடியாது, அதைக் கேட்பதும் நியாயமில்லை. ஆனால் ஒருவரின் பதில் முரணாகத் தெரியும் கணத்தில், பொய் சொல்கிறார் என்று எழுதுவதற்கு முன்னால், நான் இப்போது பிடித்துக்கொண்டிருக்கும் மொழி இந்தப் படிக்குப் பொருந்துகிறதா என்று ஒருமுறை பார்க்கலாம். பொருந்தாவிட்டால், அந்த அதிகாரி செய்ததுபோல, கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம்.